கைராசிக்குக் கொடுத்த கண்

பாஞ்சாலைக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. சோற்றை நின்றுகொண்டே தின்பாள். தலையை நடந்துகொண்டே முடிவாள். கல்யாணத்தன்று மணையில் உட்காரவைத்தபோது, தாலி ஏறுகிற வரைக்குமாவது ஆடாமல் இருடி என்று அத்தைக்காரி தொடையில் கிள்ளிக்கொண்டே இருந்தாளாம். இப்படிப்பட்ட ஆள் வாய்த்தது மரக்காணம் உப்பளத்தின் அதிர்ஷ்டம்தான். விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கி, வெயில் மண்டையைப் பிளக்கிற வரைக்கும் கூடையும் தலையுமாக ஓடுகிற வேலை அது. சின்ன வயதில் ஓட ஆரம்பித்தவள் ஐம்பதை நெருங்கியும் நிற்கவில்லை. அவள் புருஷன் சடையப்பன் வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவிப்பான். அவள் அள்ளிக்கொண்டு போய் மேட்டில் கொட்டுவாள். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேச்சையும் அவளே பேசிவிடுவாள்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். உப்பள மேஸ்திரி ஆதிமூலம் மீசையும் உயரமுமாக எல்லோரையும் மிரட்டுகிற மனுஷன். அவரே பாஞ்சாலை வருகிற வரப்பில் எதிரே வரமாட்டார். "உனக்கு இன்னாம்மா, நாக்குலயே உப்பு விளையுது" என்பார். அப்படிப்பட்டவள் ஒரு வருஷமாக ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வாயைத் திறக்காமல் வைத்திருந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? வைத்திருந்தாள். அதுதான் அவளைப் போட்டுப் புரட்டி எடுத்தது.

விஷயம் வேறொன்றுமில்லை. அவளுடைய இடது கண் செத்துப்போயிருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் கோடையில், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும், பட்டணத்திலிருந்து ஒரு தர்ம சங்கத்தார் வந்து வகுப்பறைகளில் கண் ஆபரேஷன் கேம்ப் போட்டார்கள். டாக்டர் பெயர் சிவஞானம். ஒல்லியான மனுஷர், பேச்சு மெல்ல வரும், கை மட்டும் வேகம். கண்ணில் பூ விழுந்து சுவரைத் தடவித் தடவி நடந்த கிழங்கள், கட்டு அவிழ்த்ததும் பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஊரே வாயைப் பிளந்தது. "கைராசிக்காரரு" என்று பேச்சு கடற்கரைக் குப்பம் வரைக்கும் பரவி, பக்கத்துக் கிராமங்களிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

பாஞ்சாலைக்கு இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. வலது கண் நன்றாக இருந்தது. வந்தவரைக்கும் லாபம் என்று அவளும் போய்ப் படுத்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்தபோது தெரியவும் தெரிந்தது. டாக்டர் சட்டைப் பொத்தானைக்கூடப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குத் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது, வேலை வெட்டி கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சித்திரையில் ஓர் உப்பளத்துப் பொம்பளையிடம் சொல்லுகிற பேச்சா இது? பாத்தி பூத்துக் கிடக்கிறது. இன்றைக்கு வாராத உப்பு நாளைக்கு ஒரு தூறல் விழுந்தால் கரைந்து ஓடிவிடும். கண்ணுக்கு மேலே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு வாரத்தில் இறங்கிவிட்டாள். அவள் மட்டுமா, கட்டு அவிழ்த்த உப்பளத்து ஆள் அத்தனை பேரும்தான் இறங்கினார்கள். தலைக் கூடையிலிருந்து உப்புநீர் நெற்றி வழியாக வழிந்தது. அரித்தது, துடைத்தாள். மறுபடி அரித்தது, முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள். அப்புறம் ஒரு வலி எடுத்தது பாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு வரப்பிலேயே மண்டியிட்டாள். சீழ் கட்டியது, ஒழுகியது, வற்றியது. வற்றியபோது வெளிச்சமும் போய்விட்டது.

பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிற சின்னப்பாப்பாவிடம் மட்டும் சொன்னாள். சின்னப்பாப்பா அவள் வாயைக் கையாலேயே பொத்தினாள்.

"ஐயையோ, வெளிய சொல்லித் தொலைக்காதடி. அந்தக் கையைக் குறை சொன்னா ராசி போயிடும். அடுத்தாப்புல படுக்கறவங்க கண்ணுக்கு யாரு பதில் சொல்றது? நீயா?"

அந்தக் கரையில் எழுதாத சட்டம் அது. பிரசவம் பார்க்கிற கையானாலும், எலும்பு கட்டுகிற கையானாலும், ஊசி போடுகிற கையானாலும் ஒரே சட்டம். குணமானவன் ஊர் கூட்டிச் சொல்லலாம். குணமாகாதவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவன் சொன்னால் கைராசி உடைந்துபோகும், ராசி உடைந்த கையில் அடுத்தாற்போல் போய்ப் படுப்பவன் கெட்டுப்போவான். இதில் துளிகூடக் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லாம் அடுத்தவன் நன்றாக இருக்கட்டும் என்கிற நல்ல மனசுதான். அந்த நல்ல மனசால் எத்தனை கண் போயிற்று என்று யாரும் யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

கேம்ப் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து, பார்வை எப்படி இருக்கிறது என்று சரிபார்க்கச் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஆபரேஷன் ஆகாத கண்ணைக் கையால் பொத்திக்கொள்ளச் சொல்லி, விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார்கள். உப்பளத்து ஆள் கண்ணை எப்படிப் பொத்துவான் என்று அந்தப் பட்டணத்துப் பையன்களுக்கு எங்கே தெரியும்? வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்துகிற பாத்தியைப் பார்க்க, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து விரல் இடுக்கு வழியாகப் பார்த்தே பழகிய ஜனம் அது. கண்ணைப் பொத்து என்றால் கை தானாகவே அப்படித்தான் போகும். பாஞ்சாலையும் அப்படித்தான் பொத்தினாள். விரல் இடுக்கு வழியாக வலது கண்ணுக்கு மூன்று விரல் பளிச்சென்று தெரிந்தது.

"மூணுங்க" என்றாள்.

"நல்லா தெரியுதாம்மா?"

"நல்லா தெரியுதுங்க."

மொத்தப் பேருக்கும் பார்வை வந்துவிட்டது என்று சங்கத்தார் சந்தோஷமாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். பாஞ்சாலை அதை மாட்டிக்கொண்டு, முக்காட்டை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள். பக்கத்தில் பார்த்த பெண்டுகளுக்கெல்லாம் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சடையப்பனுக்கு மட்டும் தெரியாது.

சீழ் பிடித்த நாட்களில் உப்பு பட்ட எரிச்சல் என்று அவனிடம் மழுப்பிவிட்டாள். அப்புறமும் அவனுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் அவனுக்கே இரண்டு கண்ணிலும் பூ விழுந்து முற்றிக்கொண்டு வந்தது. முதலில் உப்போடு சேற்றையும் சேர்த்து இழுத்தான். ஆதிமூலம் சத்தம் போட்டார். அப்புறம் வரப்பு எது பாத்தி எது என்று காலால் தடவிப் பார்த்துத்தான் இறங்கினான். தை பிறந்த பிறகு பாஞ்சாலையின் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவள் பேச்சை நிறுத்தினால் நின்றுவிடுவான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் சித்திரை வந்தது. பள்ளிக்கூடத்தில் மறுபடி கேம்ப் என்று தமுக்கு அடித்துக்கொண்டு போனார்கள். சடையப்பன் முகத்தில் அன்றைக்கு ஒரு சிரிப்பு வந்தது.

"உனக்கு நல்லா ஆச்சில்ல? அதே டாக்டருதானாம். நானும் படுத்துக்கறேன்டி. ரெண்டு கண்ணையும் பண்ணிடச் சொல்லலாம்" என்றான்.

அன்றையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொன்ன பொய் தன்னோடு போகிறதென்று ஒரு வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டாள். இப்போது அந்தப் பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு இவன் போய்ப் படுக்கப்போகிறான். வேண்டாம் என்று தடுத்தால் இருக்கிற நிழலும் போய்க் குருடனாவான். சொல்லாமல் அனுப்பி அவனுக்கும் தன்னுடைய கதி ஆனால்? உண்மையைச் சொல்லிவிட்டால் ராசி உடையும். உடைந்த கையில் இவன் போய்ப் படுத்துக் கண் கெட்டால் அதற்கும் அவள்தான் காரணம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பழி அவள் மேலேயே வந்து விழுந்தது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். வாசலில் என்ன வேலை என்று தெரியாமல் மறுபடி உள்ளே போவாள். உப்பு மேட்டில் கூடையைக் கொட்ட மறந்து தலையோடு திரும்பி வந்த நாளும் உண்டு.

"இன்னாடி, பேய் புடிச்சாப்புல சுத்துற?" என்றான் சடையப்பன்.

"ஆமாம்யா, பேய்தான்" என்று எரிந்து விழுந்தாள். விழுந்துவிட்டு, பாவம் அவன் என்ன செய்தான் என்று அழுகை வந்தது.

சின்னப்பாப்பாவிடம் போய் முட்டிக்கொண்டாள். "எனக்கு நெஞ்சு வெடிச்சிடும் போலக்குதுடி. சொல்லிடட்டுமா?"

"சொன்னா உம் புருசனுக்குத்தான் கேடு. அவரு படுத்து எழுந்திருக்கட்டும், அப்புறம் வேணா கத்திக்கோ."

"அவரு எழுந்திருக்கறப்ப கண்ணு இல்லாம எழுந்துட்டா?"

சின்னப்பாப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவளுக்கும் வலது கண்ணில் போன வருஷம் ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்தக் கண்ணில் என்ன தெரிகிறது என்று பாஞ்சாலை கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கேம்ப் நாள் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, புதிதாக ஆபரேஷனுக்கு வந்தவர்களை ஒரு பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். சடையப்பன் வெளுத்த வேட்டியும் துண்டுமாக, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை டாக்டர் சிவஞானம் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார். போன வருஷம் ஆபரேஷன் ஆனவர்களைப் பார்க்காமல் புதிதாக ஒருவருக்கும் கத்தி வைக்கமாட்டேன் என்று சங்கத்தாரிடம் சொல்லிவிட்டாராம். அவர்களுக்கு அதில் இஷ்டமில்லை. எத்தனை ஆபரேஷன் ஆயிற்று என்று பட்டணத்தில் கேட்பார்கள், பழையதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று முனகிக்கொண்டே பெஞ்சு போட்டார்கள்.

"எத்தனை பேருக்குக் கத்தி வெச்சேன்னு எனக்குத் தெரியும். எத்தனை பேருக்குப் பார்வை நின்னுச்சுன்னு தெரியாது. அது தெரியாம நான் இன்னிக்கு எந்த தைரியத்துல கையை வைக்கிறது?" என்று டாக்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

மறுபடி வரிசை. மறுபடி விரல். முதல் ஆள் நல்லா தெரியுதுங்க என்றார். இரண்டாவது ஆளும் அப்படியே. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். டாக்டர் முகம் மட்டும் மலரவில்லை. இத்தனை சுலபமாகவா இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, புருவத்தைச் சுருக்கிக்கொண்டே கேட்டார். வரிசை நகர நகரப் பாஞ்சாலை முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். முறை வந்தது.

"கையால அந்தக் கண்ணைப் பொத்திக்கம்மா. இது எத்தனை?"

கை தானாக எழுந்தது. விரல்கள் தானாக விலகின. இரண்டு விரல் தெரிந்தது. அதற்கு அப்பால், பந்தலுக்குக் கீழே, புருஷன், சத்தம் வருகிற திசைக்குக் காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. அவன் கேட்பதற்காகக் காத்திருந்தான். அவள் சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்கு மேல்தான் அவன் போய்ப் படுக்கப்போகிறான். பாஞ்சாலை விரல்களை ஒன்றோடொன்று இறுகச் சேர்த்தாள். இருட்டிவிட்டது.

"தெரியலைங்க" என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணும் தெரியலைங்க! இது செத்த கண்ணுங்க. போன வருசமே செத்துப்போச்சு. நல்லா தெரியுதுன்னு சொன்னது பொய்யி. மகமாயி, என்னை இன்னா வேணா பண்ணு, அந்த மனுசன் கண்ணை மட்டும் விட்டுடு!"

இத்தனை நாள் அடக்கிய வாய் அல்லவா, பந்தலே அதிர்கிற மாதிரி வந்தது. அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள் கூச்சல். "பாவி, நல்ல நாளும் அதுவுமா வாயை வெச்சிட்டாளே!" "இன்னிக்குப் படுக்க வந்தவங்க கதி இன்னா ஆவறது?" "இழுத்துத் தள்ளுங்கடா அவளை!" ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். ஆதிமூலமே ஓடி வந்து, "ஏம்மா, உனக்கு அறிவு இருக்குதா? கைராசியைக் கெடுத்துட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டர் எழுந்தார். மெல்லப் பேசுகிற மனுஷர் அன்றைக்குக் கத்தினார்.

"என்ன ராசி? என் கைக்கு ராசியெல்லாம் கிடையாது. சோப்பு போட்டுக் கழுவுறேன், அவ்வளவுதான். இந்தம்மா சொல்லலைன்னா நான் இன்னிக்கு எல்லாரையும் படுக்க வெச்சுட்டுச் சந்தோஷமா ஊருக்குப் போயிருப்பேன்."

பாஞ்சாலையை உட்காரவைத்து முக்காட்டை விலக்கிக் கண்ணாடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது. என் கை வெச்ச கண்ணும்மா இது என்று முணுமுணுத்தார். பிறகு, அவள் விரல்களை இறுகச் சேர்த்தது நினைவுக்கு வந்தவர்போல ஒரு துண்டை வாங்கி நான்காக மடித்து, நல்ல கண்ணை மறைத்துத் தலைக்குப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டுப் பார்த்தார். அதே துண்டோடு வரிசையின் முதல் ஆளிடம் போனார்.

"எல்லாரும் திரும்பி வாங்க. யாரும் கையால பொத்த வேணாம். சரியா போனவங்க கடைசியில வாங்க. சரியாகாதவங்க முதல்ல வாங்க. அவங்களைப் பார்க்கத்தான் நான் வந்திருக்கேன்."

யாரும் நகரவில்லை. டாக்டர் துண்டோடு நின்றுகொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து சின்னப்பாப்பா எழுந்து வந்தாள். பாஞ்சாலை பக்கம் திரும்பாமல் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து, "எனக்கும் தெரியலைங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் வந்தார். அப்புறம் இன்னொருத்தி.

பொழுது சாய்வதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. கண் கெட்டவர்கள் எல்லோருமே உப்பளத்து ஆட்கள். கரையைவிட்டு உள்ளே தள்ளிப் பயிர் வைக்கிற கிராமங்களிலிருந்து வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் நன்றாக இருந்தார்கள். கோடையில் அவர்களுக்கு வயலில் வேலை கிடையாது, சொன்னபடி வீட்டில் படுத்திருந்திருக்கிறார்கள். டாக்டர் ஒவ்வொருவரிடமும் எப்போது வேலைக்குப் போனாய் என்று கேட்டார். அடுத்த வாரமே, அடுத்த வாரமே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் காலியா இருக்குதேன்னு கோடையில வெச்சோம். உங்களுக்கு அதுதான் உப்பு வாருற காலம்னு ஒருத்தனும் யோசிக்கலை. கத்தியில குறையில்லை, மாசத்துல குறை." பிறகு ஆதிமூலத்தைக் கூப்பிட்டுத் தீர்மானமாகச் சொன்னார்: "உப்பளத்து ஆளுங்க ஒருத்தருக்கும் இப்ப கிடையாது. மழை புடிச்சு பாத்தியெல்லாம் முழுகினதும் வேன் அனுப்புறேன். பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில வெச்சுப் பண்றேன்."

வெளுத்த வேட்டியோடு வந்த சடையப்பன் அப்படியே வீடு திரும்பினான். பாஞ்சாலை முன்னால் நடந்தாள். அவனுக்குக் குரல் வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அவன் வெடித்தான்.

"ஊருக்கெல்லாம் பொய் சொன்ன, சரி. எங்கிட்டகூடவாடி?"

"உங்கிட்டச் சொன்னா நீ ஒப்பாரி வைப்ப."

"வெச்சிட்டுப் போறேன்! எம் பொண்டாட்டி கண்ணுக்கு நான் அழுவக்கூடாதா?" என்றான். பிறகு குரல் தாழ்ந்தது. "இப்ப எனக்கும் கண்ணு இல்லாம பண்ணிட்டியே. ராசி போன கையில போயி நான் எப்படிடி படுக்கறது?"

அந்தக் கேள்விதான் அவளையும் அரித்துக்கொண்டிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவுகிறேன் என்று டாக்டர் ஆயிரம் சொல்லட்டும். பிறந்ததிலிருந்து நம்பியதை ஒரு சோப்பு கழுவிவிடுமா? சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்று நினைத்தாள். இப்போது இன்னொரு பாரம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆவணி போனது, புரட்டாசி போனது. சடையப்பனால் உப்பு வார முடியவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கயிறு திரித்தான். தண்ணீர் குடத்தைத் தட்டிவிட்டான், அடுப்பில் கை வைத்துச் சுட்டுக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் பாஞ்சாலைக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. குழாயடியில் அவளைக் கண்டால் சில பெண்டுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "வாய் வெச்சவ வர்றா" என்பது அவள் காதில் விழுகிற மாதிரியே சொல்லப்பட்டது. வேறு சமயமாக இருந்தால் குடத்தாலேயே போட்டிருப்பாள். இப்போது, அவர்கள் சொல்வது மெய்யாகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே தண்ணீர் பிடித்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்தியும் வரப்பும் தெரியாமல் உப்பளம் முழுவதும் ஒரே வெள்ளக்காடாயிற்று. டாக்டர் சொன்ன வாக்குத் தவறவில்லை. கோட்டக்குப்பம் வழியாகச் சேற்றில் உழுதுகொண்டு ஒரு வேன் வந்து சேர்ந்தது. ஏறுவதற்கு வந்தவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள், முதலில் சடையப்பனுக்கு என்ன ஆகிறது பார்க்கலாம் என்று வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆதிமூலம் மட்டும் வந்து, சடையப்பன் தோளைத் தட்டி, "பயப்படாம போய்ட்டு வாப்பா, சீசன் வர்ற வரைக்கும் எந்த வேலையும் கிடையாது, நல்லாப் படுத்துக் கிட" என்றார்.

முதலில் ஒரு கண்ணுக்குத்தான் பண்ணினார்கள். அது நின்று நிலைத்தால்தான் அடுத்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்தார்கள். பாஞ்சாலை கட்டிலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நர்சு அதட்டினால் கொஞ்சம் நிற்பாள், மறுபடி நடப்பாள். புருஷன் வலிக்கிறது என்று முனகினால் தன் கண்ணில் சீழ் கட்டிய நாள் ஞாபகம் வந்து உடம்பெல்லாம் வியர்க்கும். முனகாமல் கிடந்தால் அதுவும் பயமாக இருக்கும்.

கட்டு அவிழ்க்கிற நாள் வந்தது. டாக்டர் பஞ்சை எடுத்தார். சொட்டு மருந்து விட்டார். மற்ற கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டினார். ஒரு கெட்டிக் கண்ணாடியைப் பிடித்து, விரலை நீட்டினார்.

"இது எத்தனை, சடையப்பன்?"

சடையப்பன் கண்ணை இடுக்கினான். கொஞ்சம் தயங்கினான். "மூணுங்க."

"தெரியுதா?"

"நல்லா தெரியுதுங்க."

டாக்டர் சிரித்தார். நர்சு சிரித்தாள். பாஞ்சாலைக்குச் சிரிப்பு வரவில்லை. அதே மூன்று, அதே நல்லா தெரியுதுங்க, அதே குரல். இந்த வார்த்தையை அவள் எப்படி நம்புவாள்? விரலைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால்? டாக்டர் மனசு நோகக்கூடாது என்று சொல்லியிருந்தால்? அவள் மேல் பழி வரக்கூடாது என்றே சொல்லியிருந்தால்? அந்த மனுஷன் சொல்லக்கூடியவன்தான். பாய்ந்து கட்டிலண்டை போனாள்.

"யோவ், எங்கிட்டப் பொய் சொல்லாத. நிஜமா தெரியுதா? உண்மையைச் சொல்லு, நான் தாங்கிப்பேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுய்யா!"

போன வேகத்தில் முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. கண்ணாடி மூக்கில் கோணிக்கொண்டு நின்றது. சடையப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் வாய் கோணியது.

"இன்னாடி இது?"

"எது?"

"உங்கண்ணு." கையை நீட்டி நேராக, தடவாமல், அவள் இடது கன்னத்தில் வைத்தான். "வெந்த மீனு கண்ணாட்டம் வெள்ளையா இருக்குதேடி. இதை வெச்சுக்கிட்டா ஒரு வருசமா எனக்கு வழி சொல்லிக்கிட்டு நடந்த?"

அவனுக்குத் தெரிகிறது. நிஜமாகவே தெரிகிறது. ஊரில் இத்தனை பேர் பார்த்தும் சொல்லாமல் விட்டதை அவன் பார்த்துச் சொல்லிவிட்டான். அவன் கண்ணில் நீர் கோத்தது.

"அழாதய்யா, தையல் பிரிஞ்சிடும்!" என்று அவள் கத்தினாள். கத்திக்கொண்டே அவளும் அழுதாள். வெட்கமாக இருந்தது, டாக்டர் பார்க்கிறார், நர்சு பார்க்கிறாள், எல்லோருக்கும் மேலாக இவன் பார்க்கிறான். முந்தானையை இழுத்து அந்தக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சடையப்பன் முந்தானையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"மூடாதடி" என்றான். "பாத்துக்கறேன்."